தண்ணீர் யார் வாசலில் நிற்கிறது?

(மன்னார் உப்புக்குளத்தில் மீன்பிடிக் குடும்பங்களும் மலையகத் தோட்டங்களிலிருந்து சென்ற நமது சங்க அங்கத்தவர்களும் ஒன்றுகூடிய கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே தருகிறோம்.)



மன்னாருக்கு நாங்கள் விருந்தாளிகள் இல்லை. 1820களிலிருந்து எங்கள் முன்னோர் கடலைக் கடந்து இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். இங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். நடக்கும்போதே காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அந்த 200 வருடத்தை நினைத்து 2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. நானும் ஒரு நாள் மட்டும் நடந்தேன். சாயங்காலம் காலில் கொப்புளம். நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்களுக்கு ஏறிப்போக பஸ்ஸும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. இந்த ஊர் மக்களுக்கும் வீட்டை இழப்பது தெரியாத கதை இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் படகேறிப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து கட்டிய வீடுகள்தான் இங்கே பல.

இன்று காலையில் இந்த ஊரைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு ராத்தா தன் வீட்டுச் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். முழங்காலுக்கு மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. போன மாரியில் தண்ணீர் நின்ற மட்டம் அது. சுவருக்கு வெள்ளை அடிக்கவில்லையா என்று கேட்டேன். "அடிச்சா மறந்து போயிரும் டீச்சர்" என்றார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். "மழை எல்லாருக்கும் ஒண்டுதான். தண்ணி மட்டும் எங்கட வீட்டிலதான் நிக்குது."

நான் இன்றைக்குப் பேச எழுதிக் கொண்டுவந்த பத்துப் பக்கமும் அந்த ஒரு வார்த்தைக்குள்ளே அடங்கிவிட்டது. ஆனாலும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

பெங்களூரில் ஹரிணி நாகேந்திரா என்று ஒரு சூழலியல் விஞ்ஞானி இருக்கிறார். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சூழலியல் என்றால் காடு, யானை, புலி என்றுதான் நாம் நினைப்போம். இவர் நகரத்தையே தன் காடாக எடுத்துக்கொண்டார். தெருவோர மரத்தை எண்ணினார், ஏரியை அளந்தார், சேரிக் குடியிருப்புகளுக்குள் போய் என்ன செடி வளர்க்கிறார்கள் என்று பார்த்தார். 2016இல் பெங்களூரின் இயற்கை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2019இல் சீமா முண்டோலியோடு சேர்ந்து நகரத்து மரங்களைப் பற்றி இன்னொன்று எழுதினார்.

இவர் கேட்ட கேள்வி எளிமையானது. நகரத்தில் ஒரு மரம் நின்றால் அதன் நிழல் யாருக்கு? அதை வெட்டினால் வெயில் யார் தலையில்?

அவரும் அவருடைய சகாக்களும் பெங்களூர் வீதிகளில் மரம் உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் அளந்தார்கள். மரத்தின் கீழே காற்றின் வெப்பம் 5.6 பாகை செல்சியஸ் வரைக்கும் குறைவு. தார் வீதியின் மேற்பரப்பு 27.5 பாகை வரைக்கும் குறைவு. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இது வெறும் இலக்கம். அந்தத் தார் வீதி ஓரத்தில் காலை முதல் மாலை வரை குந்தியிருந்து மரக்கறி விற்கிற அம்மாவுக்கும் செருப்புத் தைக்கிற ஐயாவுக்கும் அது ஒரு நாள் உழைப்பு. வீதியை அகலமாக்க மரத்தை வெட்டினால் காருக்கு வழி கிடைக்கும். அந்த அம்மாவுக்குக் கிடைப்பது வெயில்.

சேரிகளில் அவர்கள் கண்டது இன்னும் நமக்கு நெருக்கமானது. அங்கே நிலம் இல்லை. ஆனாலும் முருங்கை நின்றது. உடைந்த வாளியிலும் பெயின்ற் வாளியிலும் துளசி வளர்ந்தது. ஒரு மரம் இருந்தால் அதன் கீழேதான் சமையல், பிள்ளைகளின் விளையாட்டு, சாமி கும்பிடுவது, பெண்கள் கூடிப் பேசுவது எல்லாம். இதைக் கேட்கும்போது நமது லயத்து ஸ்தோப்பில் பழைய டின்னில் நட்டிருக்கும் மிளகாய்ச் செடி உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? இந்தப் பக்கத்துத் தோழர்களுக்குப் பள்ளிமுனையில் நிற்கும் அந்தப் பெரிய பெருக்கமரம் ஞாபகம் வரலாம். வெளியூரார் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் அது நிழல்.

அடுத்தது ஏரிகள். பெங்களூருக்குப் பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. பழைய காலத்து மக்கள் பள்ளத்துக்குக் குறுக்கே அணை கட்டி மழைத்தண்ணீரைத் தேக்கினார்கள். ஒன்று நிரம்பினால் கால்வாய் வழியாக அடுத்ததுக்குப் போகும். மாடு குடித்தது, வண்ணார் துவைத்தார், மீன்காரர் வலை போட்டார், களிமண் எடுத்தவர் செங்கல் அறுத்தார். ஊர் கூடி வைத்த சட்டத்தில் அது நடந்தது. பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. ஏரி வேண்டாத இடமாகிவிட்டது. சம்பங்கி ஏரி என்று ஒன்று இருந்தது. இன்று அந்த இடத்தில் விளையாட்டு மைதானம் இருக்கிறது. பெயருக்கு ஒரு சின்னக் குட்டை மிச்சம்.

இப்படி ஏரியையும் கால்வாயையும் மூடினால் மழை என்ன செய்யும்? 2022 செப்டெம்பரில் பெங்களூரின் கம்பியூட்டர் கம்பனிகள் நிறைந்த பகுதியே மூழ்கியது. பெரிய பெரிய பங்களாக்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்ததை உலகமே பார்த்தது. அதைப் பார்த்துச் சிலர், "பார்த்தீர்களா, வெள்ளத்துக்கு ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை" என்றார்கள். அது பாதி உண்மை. டிராக்டரில் ஏறியவர் ஹோட்டலில் இறங்கினார். அந்தப் பங்களாவைக் கட்டிய கூலிக்காரருக்குத் தகரக் கொட்டில்தான், அதுவும் தண்ணீரில். வெள்ளம் வருவது பொதுவாக இருக்கலாம், வெள்ளத்திலிருந்து எழும்புவது பொதுவானதல்ல.

ஹரிணி நாகேந்திராவின் ஆராய்ச்சியில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதற்கு அடுத்த இடம். ஏரியைத் திருத்துகிறோம் என்று வந்தால் நல்லதுதானே? எப்போதும் இல்லை என்கிறார். வேலி போட்டு, நடைபாதை போட்டு, வாசலில் காவல்காரரை வைத்துவிட்டால் காலையில் நடக்க வருகிறவருக்கு அது பூங்கா. புல் அறுக்க வந்த அம்மாவுக்கும் மாடு மேய்ப்பவருக்கும் மூடிய கதவு. தண்ணீர் சுத்தமாகிவிட்டது, மனிதர் வெளியே போய்விட்டார். கைக்கொண்டரஹள்ளி ஏரியை அப்பகுதி மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டபோது வேறு மாதிரி செய்தார்கள். மாட்டுக்குப் புல் அறுக்கிறவருக்கும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. ஏரியைத் தங்களுடையது என்று நினைக்கிற கண்கள் கூடக் கூட ஏரிக்கும் காவல் கூடும்.

இவர் எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையாரோடு சேர்ந்து வேலை செய்தவர். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற முதல் பெண் அவர். பொதுச் சொத்தை அரசாங்கமோ தனியாரோதான் காப்பாற்ற முடியும் என்று பெரிய படிப்பாளிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, அதைப் பயன்படுத்தும் மக்களே கூடிச் சட்டம் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று உலகின் பல நாடுகளிலிருந்து உதாரணம் காட்டியவர். மீன் யாருக்கு, கரை யாருக்கு, எந்த வலை எந்தக் காலத்தில் என்று பேசித் தீர்த்துப் பழகிய உங்களுக்கு இது புதிய பாடமாக இருக்காது.

சரி டீச்சர், பெங்களூர் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கிட்டே வருகிறேன்.

2015 டிசெம்பரில் சென்னை மூழ்கியது. ஆற்றோரத்தில் குடியிருந்த ஏழைக் குடும்பங்களைப் பாதுகாப்புக்காக என்று சொல்லி நகரத்தின் தெற்கே பெரும்பாக்கத்தில் மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். அங்கேயும் தண்ணீர் நிற்கும். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை தூரமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி தூரமாகிவிட்டது.

நமது கொழும்புக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகில் முதன்முதலாக அதைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. பெருமைதான். அந்தச் சதுப்பு நிலங்கள் மழைத்தண்ணீரை உறிஞ்சி நகரத்தைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அதற்கு முந்திய வருடம், 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கொழும்பு முழுவதும் சாப்பிட்டு எறிந்த குப்பை அது. விழுந்தது ஏழைகளின் வீட்டின் மேல்.

மன்னாருக்கு வருவோம். இந்தத் தீவின் தெற்குக் கரையில் 2020 டிசெம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். புகையில்லாத மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காற்றாடிக்குப் பாதை போட்ட பிறகு மழைத்தண்ணீர் கடலுக்கு வடிய வழியில்லாமல் ஊருக்குள் நிற்கிறது என்பது இங்குள்ள மக்களின் முறைப்பாடு. 2025இல் புதிய காற்றாடிகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்ததை நாடே பார்த்தது. அவர்களை முன்னேற்றத்துக்கு விரோதிகள் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும் மணல் தீவு இது. இங்கே ஒரு பாதையை ஒரு அடி உயர்த்தினாலும் தண்ணீரின் வழி மாறும். எங்கே மாறும் என்பது இங்கே குடியிருக்கிறவருக்குத் தெரியும். பாதை போடுவதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இனி நமது மலை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள்ளே போயின. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. போவதற்கு நிலம் இல்லை. மிஞ்சியவர்கள் பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தில் காத்திருந்து, வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் எடுத்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி மலைநாட்டு மண்சரிவுகளில். மன்னாரும் அதே நாட்களில் வெள்ளத்தில் நின்றது. மலையில் விழுந்த மழையும் இங்கே நின்ற மழையும் ஒரே புயலின் மழை.

என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் லயத்துக்கு மேலே ஒரு கல்லுக் கான் இருந்தது. என் அப்பா காலத்தில் மாரிக்கு முன்னால் அதை வெட்டித் துப்புரவாக்க ஆட்களுக்கு வேலை கொடுப்பார்கள், பேர் போடுவார்கள். பிறகு செலவைக் குறைப்பதாகச் சொல்லி அந்த வேலையை நிறுத்தினார்கள். கான் தூர்ந்தது. தண்ணீர் கடைசிக் காம்பராவுக்குள் இறங்கியது. அங்கே இருந்த பிள்ளை என் வகுப்பில் படித்தது. மழை பெய்தால் வராது. நனைந்த கொப்பியைக் காட்ட வெட்கம். நாங்கள் மனு எழுதினோம். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. அது மூன்றாவதைக் கைகாட்டியது. கடைசியில் கேட்ட பதில், "அது தோட்டத்துக் காணி, எங்களால் எதுவும் செய்ய ஏலாது."

தோழர்களே, அந்தப் பதில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் பிரதேச சபை சேவை செய்யத் தடையாக இருந்தது. வாக்குப் போட நாம் வேண்டும், கான் வெட்ட நாம் வேண்டாம். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று பிரதேச சபை தோட்டத்துக்குள் வந்து வேலை செய்ய வழி உண்டு. இதை எத்தனை லயத்தில் தெரியும்?

வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். "சம்பளமே ஒழுங்காக இல்லை, நீங்கள் மரம், கான், ஏரி என்கிறீர்களே?" நியாயமான கேள்வி. நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். போன மாரியில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள்? நனைந்த அரிசி எத்தனை கிலோ? அவர் விரலை மடக்கி எண்ணினார். பிறகு பேசவில்லை. தூர்ந்த கானும் சம்பள வெட்டுத்தான். அது சம்பளச் சிட்டையில் காட்டாத வெட்டு.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாமே சிரமதானம் செய்து கானை வெட்டினால் போதாதா என்று சிலர் சொல்கிறார்கள். உயிர் போகும் அவசரத்தில் வெட்டத்தான் வேண்டும். ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டால் பேர் போட்டுச் செய்த வேலை இலவச வேலையாகிவிடும். கணக்கெடுப்பது நம் வேலை. கான் வெட்டுவது கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை. இந்த இரண்டையும் கலக்கக்கூடாது.

ஆகவே நான் நான்கு காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, வரைபடம். ஒவ்வொரு லயமும், உப்புக்குளத்தில் ஒவ்வொரு ஒழுங்கையும், ஒரு பெரிய தாளில் வரையப்பட வேண்டும். கான் எங்கே, அடைப்பு எங்கே, பீலி எங்கே, பெரிய மரம் எங்கே, நிலத்தில் வெடிப்பு எங்கே, தண்ணீர் போன தடவை எந்த மட்டம். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. இதைப் பெண்களும் பிள்ளைகளும் செய்ய வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, மழையளவு. நேரான பக்கம் உள்ள பிளாஸ்ரிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, அடியைச் சீமெந்து ஊற்றி மட்டமாக்கி, அதிலிருந்து மில்லிமீற்றர் அளவு ஒட்டினால் போதும். என் வகுப்புப் பிள்ளைகள் செய்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் சாமானைக் கட்டி வெளியேறத் தயார். 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், வெளியேறு. மலைப்பகுதிக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு இதுதான். அளவு வராவிட்டாலும், நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், புதிதாகக் கலங்கல் ஊற்று வந்தால், ஓடிய ஊற்று திடீரென்று நின்றால், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, கடிதம். வரைபடத்தின் பிரதியோடு பிரதேச சபைக்கு எழுதுவோம், 2018 திருத்தத்தைக் குறிப்பிட்டு. இங்குள்ளவர்கள் மன்னார் நகர சபைக்கு எழுதலாம். கையில் கொடுத்தால் திகதியோடு முத்திரை வாங்காமல் வரக்கூடாது. முத்திரை இல்லாத மனு மழையில் போட்ட மனு.

நான்காவது, இடமாற்றம். ஆபத்தான லயத்திலிருந்து போகத்தான் வேண்டும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து மலையிலிருந்து எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எங்கே, தண்ணீர் எங்கே, காணி உறுதி யார் பெயரில், அதில் பெண்ணின் பெயர் உண்டா, பிள்ளை நட ஒரு முருங்கைக்கு இடம் உண்டா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பிழைப்பைப் பறிக்கக்கூடாது. பெரும்பாக்கத்துக் கதை மலைக்கு வரக்கூடாது.

சூழலைக் காப்பது பெரிய இடத்துப் பேச்சு, நமக்கு எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு விஞ்ஞானி மரத்தையும் ஏரியையும் அளந்து கண்டுபிடித்ததை இன்று காலையில் உப்புக்குளத்து ராத்தா ஒரு சுவரைக் காட்டிச் சொல்லிவிட்டார். அநியாயமாகப் பங்கு போட்ட ஊர் மழையைத் தாங்காது. முதலில் கடைசி வீடு மூழ்கும், பிறகு முன்வீட்டுக்கும் வரும்.

ராத்தா, அந்தக் கோட்டுக்கு இப்போது வெள்ளை அடிக்காதீர்கள். முதலில் அதை வரைபடத்தில் குறிப்போம். எங்கள் லயத்திலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்து, ஒரே மேசையில் கொண்டுபோய்ப் போடுவோம். அடுத்த மாரிக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை இது.